உப்புப் பார்க்க ஓர் ஆள் தேவை

“அக்கா, நீ மட்டன் சாப்பிடுவேல்ல?”

போன ஞாயிற்றுக்கிழமை காலை என்னைப் பார்த்து இப்படிக் கேட்டது யார் தெரியுமா? என் கூடப் பிறந்த தம்பி சேகர். சின்ன வயதில் என் தட்டிலிருந்து நல்லி எலும்பைத் திருடித் தின்ற அதே தம்பி!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். அந்த அதிர்ச்சியில் மூளை ஏதும் குழம்பிவிட்டதோ? முகம் வேறு வெளிறிக் கிடந்தது. நெற்றியில் வேர்வை.

“என்னடா கேள்வி இது?”

“சொல்லுக்கா. இன்னைக்கு விரதம் கிரதம் ஒண்ணும் இல்லையே ஒனக்கு?”

“இல்லையே...”

“அப்பாடா! வா, சீக்கிரம் வா.” பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினான். சமையல்கட்டுக்கு!

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், இவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சேகர் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டெண்டாக இருந்தவன். பண்டிகை நாளிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டிய அலுவலகம். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ரிட்டயர்மென்ட் என்றால் மாலை, சால்வை, குரூப் போட்டோ என்று முடித்துவிட முடியாது. பிரியாணி போட வேண்டும். போடாவிட்டால், ‘சர்வீஸ்ல ஏதோ வில்லங்கம் போலருக்கு’ என்று பேசிக்கொள்வார்கள். அதனால் இலுப்பூரில் ஒரு மண்டபம் பிடித்து, ஆபீஸ், சொந்தபந்தம், பக்கத்து வீடு என்று முந்நூறு பேரை அழைத்திருந்தான்.

ஆட்களை வேலை வாங்குவதில் அவனுக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. என்னிடம் பலமுறை விளக்கியிருக்கிறான். வேண்டாம் என்றாலும் விளக்குவான்.

“ஒரே சாமியக் கும்புடுற ஆளுங்களா ஒரு செக்ஷன்ல வச்சுக்கக் கூடாதுக்கா. கலந்து வைக்கணும். தீபாவளிக்கு பாய் ட்யூட்டி பாப்பாரு. ரம்ஜானுக்கு நம்ம ஆளு பாப்பான். பொங்கலுக்கு வேதக்காரரு. கிறிஸ்மஸுக்கு மத்த ரெண்டு பேரு. எல்லாருக்கும் லீவு குடுத்த மாதிரியும் இருக்கும், வேலையும் நிக்காது.”

இதுவரைக்கும் சரி. நல்ல யோசனைதான் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் பேச்சு அதோடு நிற்காது.

“பாய்ங்க கையில ஒரு ருசி இருக்கும், யாவார புத்தியும் இருக்கும். வேதக்காரங்க டயத்துக்கு வந்து நிப்பாங்க, ஆனா ஞாயித்துக்கெழமை கூப்டாதே. நம்மாளுங்க அமாவாசைன்னா எட்டிப் பாக்க மாட்டானுங்க, வந்தா மாடா ஒழைப்பானுங்க.”

மூன்று வாக்கியத்தில் ஊரையே மூன்று டப்பாவில் போட்டு மூடி, மேலே சீட்டும் ஒட்டிவிடுவான். “எந்தக் கூட்டத்துலயும் எல்லா மாதிரி ஆளும் இருப்பான்டா” என்று நான் சொன்னால், “நீ எழுதுறவ. நான் வேலை வாங்குனவன்” என்று வாயை அடைத்துவிடுவான். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஆராய்ச்சியாளர் இருப்பார். இல்லாத வீடு உண்டா என்ன?

சரி... விருந்துக்கு ஆள் பிடிப்பதிலும் இதே சித்தாந்தம்தான். அன்னவாசல் காதர் பாய்தான் மாஸ்டர் — வயசானவர், கனத்த உடம்பு. அவரிடம் நிரந்தரமாக இரண்டு பேர். கறியும் மசாலாவும் பார்ப்பவர் ஆரோக்கியம் — பக்கத்துக் கிராமம், கத்தோலிக்கர். அடுப்பும் அரிசியும் முருகேசன் பொறுப்பு — வல்லத்திராக்கோட்டைக்காரர்.

“மூணு மதமும் ஒரே அடுப்புலக்கா! எவனுக்கு நோம்பு வந்தாலும் எனக்குக் கவலையே இல்ல” என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

நோன்பு மாதத்தில் காதர் பாய் பகல் சமையலை ஒப்புக்கொள்வதே இல்லையாம். சாயங்காலம் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சுவதோடு சரி. ஆனால் சேகர் தை மாதமே போய்ச் சொல்லி வைத்துவிட்டான். அவரும் தேதியைச் சரியாகக் கவனிக்காமல் ‘செஞ்சிரலாம் சார்’ என்று சொல்லிவிட்டார். பிறகு பார்த்தால் நோன்புக்குள் வருகிறது. சொன்ன சொல்லை மாற்ற மனசில்லாமல் வந்து நின்றார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், மாசி வெயிலில், விறகடுப்பின் முன்னால்!

இனி சமையல்கட்டு.

பெரிய அண்டாவில் கறியும் மசாலாவுமாகத் தளதளவென்று கொதிக்கிறது. பக்கத்தில் ஊறவைத்த சீரகச் சம்பா அரிசி. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு அந்த அண்டாவையே வெறித்துப் பார்த்தபடி நிற்கிறார்கள் — கிணற்றில் வாளியைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

“என்ன பாய், ஏதாவது கொறையுதா?” என்றேன்.

“உப்புப் பாக்க ஆள் கொறையுதும்மா” என்றார் காதர் பாய்.

எனக்கு முதலில் புரியவில்லை. சமையல்காரர்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். உப்புப் பார்க்க ஆள் இல்லையா?

இல்லை. உண்மையிலேயே இல்லை.

காதர் பாய் நோன்பு. ஆரோக்கியத்துக்குத் தவக்காலம், ஈஸ்டர் வரை கறி சாப்பிட மாட்டார். சாதாரணமாக நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசல் கஞ்சிக்கு ஆரோக்கியம் ருசி பார்ப்பாராம். தவக்காலம் வந்தால் காதர் பாய் பார்ப்பார். இந்த வருஷம் இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் போலச் சேர்ந்தே வந்துவிட்டன. அதனால் என்ன, முருகேசன் இருக்கிறாரே... என்று நினைத்திருக்கிறார்கள். வெந்நீர் கொதித்து, கறி வெந்து, முருகேசன் அரிசியை அள்ளச் சட்டைக் கையை மடக்கியபோதுதான் தெரிந்திருக்கிறது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மாசித் திருவிழாவுக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார். அதை அவிழ்க்கும்வரை கவுச்சி ஆகாது!

“ஏப்பா, காப்புக் கட்டுனா சொல்ல வேணாமா?” காதர் பாய் அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

“ஆரோக்கியண்ணன் இருக்காருல்லன்னு நெனச்சேன் பாய்.”

“எனக்குத் தவசுன்னு ஒனக்குத் தெரியாதா?” இது ஆரோக்கியம்.

“தெரியும்ண்ணே. ஞாயித்துக்கெழமை ஒங்களுக்கு வெலக்கு உண்டுன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க...”

“வெலக்கு உண்டுன்னுதான்டா சொன்னேன். நான் எடுத்துக்கிட்டேன்னு சொன்னேனா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சேகருக்கு வரவில்லை. வருமா? அவனுடைய சித்தாந்தம் அவன் கண் முன்னாலேயே அண்டாவுக்குள் வெந்துகொண்டிருந்தது. ஒருத்தர் இல்லாவிட்டால் ஒருத்தர் என்று கலந்து வைத்தானே... மூன்று சாமியும் ஒரே வாரத்தில் லீவு போட்டால் எந்தச் சூப்பரின்டென்டெண்ட் என்ன செய்ய முடியும்?

உப்புப் பார்ப்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிரியாணிக்கு உப்பு, எல்லாம் முடிந்த பிறகு வாயில் போட்டு ‘பலே’ சொல்கிற சமாச்சாரம் இல்லையாம். அரிசி போடுவதற்கு முன்னால், கொதிக்கிற அந்த மசாலாத் தண்ணீரிலேயே பார்க்க வேண்டும். கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி விழுந்ததும் அது சமமாகிவிடும். போட்டு மூடித் தம் கட்டிவிட்டால், அப்புறம் பிரம்மா இறங்கி வந்தாலும் திருத்த முடியாது. அரிசியும் காத்திருக்காது. கூடுதலாக ஊறினால் நொறுங்கிக் கஞ்சியாகிவிடும்.

“எப்பவும் போடுற அளவுதானே பாய்? கண்ணால தெரியாதா?”

“தெரியும்மா. ஆனா கொண்டாந்த கல்லுப்பு பத்தல. மண்டபத்துல கெடந்த தூள் உப்பையும் ஆரோக்கியம் சேத்துப் போட்டுட்டான். அதான் கணக்கு பிடிபடல.”

அதற்குத்தான் நான்! தட்டில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். முந்நூறு பேருடைய நாக்கு என் ஒரு நாக்கில் நிற்கிறது என்ற கர்வத்தோடு ஊதி ஊதிக் குடித்தேன்.

“உப்புப் பத்தல.”

சேகர் என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக் குடித்தான். “என்னக்கா சொல்ற? கரிக்குது!”

காதர் பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். சேகருக்குப் பல வருஷமாக பிபி. அவன் வீட்டுக் குழம்பில் உப்பு என்பது ஒரு வதந்தி. அவனுக்கு எதைக் கொடுத்தாலும் கரிக்கும். நானோ தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்கிற ஜென்மம். எனக்கு எதைக் கொடுத்தாலும் பத்தாது. சேகரின் மனைவியைக் கூப்பிட்டோம். அவள் குடித்துப் பார்த்துவிட்டு, “கறி நல்லா பஞ்சா வெந்துருக்கு” என்றாள். கேட்டது உப்பை! கடைசியில் மண்டபத்து வாட்ச்மேன். அவர் ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாக வாங்கிக் குடித்துவிட்டு, “அமிர்தமா இருக்கு சார்” என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க அவர் தயாராக இல்லை.

“ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்களேம்மா... நான் எத நம்பி அரிசியப் போடுறது?” என்றார் காதர் பாய். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. முந்நூறு பேர் சாப்பிடப் போகிறார்கள். பிரியாணி கெட்டால் சேகரையா திட்டுவார்கள்? ‘அன்னவாசல் பாய் கெடுத்துட்டாரு’ என்றுதான் மாவட்டம் முழுக்கப் பேசுவார்கள்.

நேரம் ஓடுகிறது. முன்பக்கம் கார்கள் வந்து நிற்கும் சத்தம். சேகருக்குள் இருந்த சூப்பரின்டென்டெண்ட் விழித்துக்கொண்டான்.

“ஆரோக்கியம், கறியா திங்கச் சொல்றேன்? தண்ணிதானேப்பா. அதுலயும் ஞாயித்துக்கெழமை. ஒங்க சாமியாரே விட்டுட்டாரு. நீங்க எதுக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?”

ஆரோக்கியம் கரண்டியைக் கீழே வைத்தார்.

“சார், எனக்குக் கறி ஒரு பெரிய விஷயமில்ல. நான் குடிகாரன் சார்.”

நான் திடுக்கிட்டுப் போனேன். இப்படி ஒரு வார்த்தையை இவ்வளவு சாதாரணமாக, ஊர் பேர் சொல்வது மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

“தவசு ஆரம்பிச்ச விபூதிப் புதன்லேருந்து கறியும் இல்ல, குடியும் இல்லன்னு கோயில்ல மண்டி போட்டுச் சொல்லிட்டு வந்துருக்கேன். ரெண்டும் ஒரே கயித்துல கட்டிருக்கு சார். இன்னைக்கு ஞாயித்துக்கெழமைதானே, ஒரு சொட்டுதானேன்னு இதுல எறங்கிட்டேன்னா... சாயங்காலம் அடுத்த சொட்டு எதுன்னு எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டிக்கும் தெரியும்.”

சேகர் அவரை விட்டுவிட்டான். திரும்பி முருகேசனைப் பார்த்தான். பார்த்த பார்வையிலேயே முருகேசன் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

“எஞ்சம்சாரம் மாசமா இருக்கா சார். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தங்கல...” முருகேசன் மணிக்கட்டுக் கயிற்றைத் தொட்டுக்கொண்டார். “கறி வேகுற எடத்துல நிக்கலாமான்னே பூசாரிகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். தொழில்ங்கறதால கையில படலாம், வாயில படக்கூடாதுன்னாரு. நான் கையிலயும் படாமத்தான் அரிசிப் பக்கம் நின்னுட்டிருக்கேன்.”

மிச்சம் காதர் பாய்.

“பாய், நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டா நோம்பு முறியாதுல்ல? எங்க ஆபீஸ்ல ஒரு பாய் சொல்லிருக்காரு.”

“முறியாது சார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிருக்காரு. சமையக்காரனுக்கு அந்தச் சலுகை உண்டு.”

“அப்பறம் என்ன பாய்? மொதல்லயே பாத்துருக்கலாமே!”

“சலுகை உண்டு சார். ஆனா என் நாக்க எனக்குத் தெரியும். வாலிபத்துலேருந்து முழுங்கி முழுங்கியே உப்புப் பாத்த நாக்கு. அதுக்குத் துப்பத் தெரியாது.”

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். ஏனென்றால் நான் அங்கேயே நின்றுபோனேன்.

ஹஜ்ரத் சலுகை கொடுத்திருக்கிறார். சாமியார் சலுகை கொடுத்திருக்கிறார். பூசாரி சலுகை கொடுத்திருக்கிறார். மூன்று மதமும் ‘உன் தொழிலுக்காகப் பரவாயில்லை’ என்று கதவைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கின்றன. மூன்று பேரும் அந்தக் கதவு வழியாகப் போகவில்லை!

நாமெல்லாம் எப்படி? கேஷுவல் லீவு மிச்சம் இருந்தால் ராத்தூக்கம் வராது. பர்மிஷன் ஒரு மணி நேரம் என்றால் மனசுக்குள் அது இரண்டு மணி நேரம். மழை பெய்தால் சலுகை, வெயில் அடித்தால் சலுகை, நம் மாமா ஊரில் திருவிழா என்றால் அதற்கொரு சலுகை. சலுகையை எடுத்துக்கொள்ளாமல் விட்டவனைப் பார்த்தால் ‘பொழைக்கத் தெரியாதவன்’ என்று சிரிப்போம். இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எந்தப் பேதமும் நான் பார்த்ததில்லை. தேசிய ஒருமைப்பாடு பூரணமாக நிலவுவது இந்த ஒரு விஷயத்தில்தான்!

அண்டா கொதிக்கிறது. முருகேசன் அரிசியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “பாய், அரிசி மெதுவாயிருச்சு” என்றார்.

ஆரோக்கியம் சட்டென்று கரண்டியை எடுத்தார்.

“விடுங்க பாய். நான் பாக்குறேன். ஞாயித்துக்கெழமைதானே...”

கரண்டி அண்டாவுக்குள் போகவில்லை. காதர் பாய் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். அந்த வயதில், அந்த உடம்பில், வெறும் வயிற்றில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ!

“நீ வாயத் தொறக்காத. போ. அங்கிட்டுப் போ!”

திட்டவில்லை அவர். கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. ஆரோக்கியம் சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

காதர் பாய் கரண்டியில் மொண்டார். வலது உள்ளங்கையைக் குழித்து அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். உதடு அசைந்தது. ஏதோ ஓதினார். நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு கை உப்பு பத்தல. கூட ஒரு கை போடு. நல்லா நெறைய அள்ளிப் போடு.”

முருகேசன் அள்ளிப் போட்டார். ஆரோக்கியம் கிண்டினார். சேகர் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். ‘நான்தான் பத்தலன்னு அப்பவே சொன்னேனே’ என்று அவனை இடிக்கத் திரும்பினேன்.

அப்போதுதான் பார்த்தேன். காதர் பாயின் கை அவர் தொண்டையில் இருந்தது.

அவர் துப்பவில்லை.

கொப்பளிக்கத் தண்ணீர்ச் செம்பை அவரே தயாராக எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். அது அப்படியே இருந்தது. நாக்கில் உப்பைப் பார்த்தார், கணக்குப் போட்டார், வாயைத் திறந்து அளவைச் சொன்னார். அந்த இடைவெளியில் தொண்டை தன் பழைய வேலையைத் தானாகச் செய்துவிட்டது. அவர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அவருக்கே அது இப்போதுதான் உறைக்கிறது!

“போச்சு” என்றார்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஆனால் அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. கூட்டத்தில் கையைப் பிடித்துக் கூட்டி வந்த பிள்ளையைத் தவறவிட்டவர் முகம் அது. உப்பு ஒரு கை குறைந்தால்தான் என்ன... முந்நூறு பேரும் பச்சடியைக் கூட ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்களா?

“பாய்...” சேகர் அவர் பக்கத்தில் போனான். “நான்தான் பாய் அவசரப்படுத்திட்டேன்...”

“அரிசி ஒடையுது சார். கொஞ்சம் தள்ளுங்க” என்றார் காதர் பாய். “முருகேசா, அரிசியப் போடு.”

பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. பிரியாணி எப்படி என்று கேட்காதீர்கள். நான் குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டேன், அப்படியும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி இருந்தது.

எனக்கு எதிர்வரிசையில் ஒரு பெரியவர், சேகரின் மனைவி வழியில் மாமா முறை. எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “பாய் கை பட்டாலே தனிதாம்ப்பா. ஆனா பாருங்க, நோம்பு மாசத்துலயும் சமைக்க வந்துட்டாரு. அவங்களுக்கு யாவாரம்தான் மொதல்ல, மத்ததெல்லாம் அப்பறம்தான்.”

என் வாயில் போன கவளம் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன், மனசு உடைந்து நின்றபடி இவருக்கு அடுத்த அண்டாவைத் திறந்துகொண்டிருக்கிறார். இவர் இங்கே அவர் சமைத்த எலும்பை உறிஞ்சியபடியே அவரை ஒரு டப்பாவில் போட்டு மூடுகிறார்.

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பச்சடி வாளியோடு வந்த சேகர் நின்றான். இத்தனை வருஷம் இதே மாதிரி டப்பா செய்து கொடுத்தவன்!

“யாவாரத்துக்கு வரல மாமா. எனக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு வந்துருக்காரு.”

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “சரிப்பா, இப்ப என்ன சொல்லிட்டேன்...” என்று பச்சடிக்கு இலையைக் காட்டினார். சேகர் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். அன்றைக்கு அவன் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. “அப்பறம் சாப்புடுறேன்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே சுற்றினான்.

மாலை... வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நோன்பு வைத்திருந்த ஆபீஸ் நண்பர்களுக்குப் பார்சல் கட்டி அனுப்பியாயிற்று. நான் ஒரு டம்ளர் நிறைய மோர் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன்.

அண்டாக்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. காதர் பாய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்து நெருப்புக்கு முன்னால் நின்ற மனுஷன்.

“குடிங்க பாய்” என்று நீட்டினேன்.

“வேணாம்மா.”

“ஏன் பாய்? நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க... நோன்புதான் போயிருச்சே. இனிமே எதுக்கு இப்படித் தாகத்தோட கெடக்கணும்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லிக்கொடுக்கிற தோரணை எதுவும் இல்லை. எனக்கு இது தெரியாது என்பதில் அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

“நோன்புதாம்மா போச்சு. நோன்பு மாசம் போகலையே?”

நீட்டிய டம்ளரை மெல்ல இழுத்துக்கொண்டேன்.

“போனதுக்குப் பதிலா பெருநாள் முடிஞ்சு ஒண்ணு வச்சுருவேன். அது வேற கணக்கு. அதுக்காக இன்னைக்குப் பகல்ல தின்னுட்டுத் திரிய முடியுமா? போனது வேலையில போச்சு. பசியில போகலையே!”

“மனசுக்குக் கஷ்டமா இல்லையா பாய்?”

“இல்லாம இருக்குமா? மத்தியானத் தொழுகையில அழுதுட்டேன்.” பிறகு, யாராவது கேட்டுவிடப் போகிறார்களோ என்பது போலக் குரலைத் தாழ்த்தி, “உப்பு சரியா இருந்துச்சாம்மா?” என்றார்.

“ரொம்பச் சரியா இருந்துச்சு பாய்.”

அந்தக் காய்ந்த உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிய இடம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் மூலையைக் கவனித்தேன். ஆரோக்கியத்துக்கும் முருகேசனுக்கும் என்று தனியாக எடுத்து வைத்த சைவச் சாப்பாடு, மூடிய தட்டு மூடியபடியே இருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் ஏன் இன்னும் சாப்புடல? இதுல கறி எதுவும் படல. நானே எடுத்து வச்சேன்.”

“பாங்கு சொல்லட்டும்க்கா” என்றார் முருகேசன், கரண்டியைத் துடைத்துக்கொண்டே.

ஆரோக்கியம் அண்டாவில் இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நிழல் தட்டியது. சேகர். உள்ளே வந்து, கவிழ்த்து வைத்திருந்த ஒரு குண்டான் மேல் உட்கார்ந்தான். பிபி மாத்திரை போடச் சாப்பிட வேண்டுமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். நானும் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

இலுப்பூர்ப் பள்ளிவாசலிலிருந்து பாங்குச் சத்தம் வரும்வரை அந்தச் சமையல்கட்டில் ஐந்து பேர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் காத்திருந்தோம் — அதில் கணக்குப்படி நோன்பாளி என்று ஒருத்தர்கூட இல்லை!